சிலுவை வலி

நைனா மறுபடியும் அதையே சொன்னார்.

"லேசா கீது டாக்டர்."

பக்கத்தில் நின்ற மகள் ஜெசிந்தா டாக்டரையே பார்த்தாள். மூன்று நாளாக நைனாவுக்குத் தூக்கமில்லை, சோறில்லை. வலை உதறும்போது திருக்கைமீனின் வால்முள் காலில் பாய்ந்துவிட்டது. பட்டினப்பாக்கத்தில் வலி என்று வாய்விட்டுச் சொல்பவனைக் கட்டுமரத்தில் சேர்க்கத் தயங்குவார்கள். அதனால் யார் கேட்டாலும் நைனா "லேசா"தான்.

பக்கத்துக் குடிசை கங்காதரன் மாமாவும் இப்படித்தான் "லேசா, லேசா" என்றார். இப்போது ஒற்றைக் காலோடு கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறார்.

நேற்றும் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இன்றும் டாக்டர் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். கால்கட்டை அவிழ்க்கவில்லை. பின்னால் வாசல்வரை கூட்டம்.

நைனாவின் கை பெஞ்சு விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. நகமெல்லாம் வெளுத்துக் கிடந்தது. அதை ஜெசிந்தா மட்டும்தான் பார்த்தாள். இனி யாரிடம் போய்ச் சொல்வது?

டாக்டர் நர்சிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ஜெசிந்தாவுக்குப் பள்ளியில் இங்கிலீஷ் எடுக்கும் பங்கஜம் டீச்சர் ஞாபகம் வந்தது. போன வாரம் கட்டுரையில் எறும்புக்கடிக்கு ஒரு பெரிய இங்கிலீஷ் வார்த்தை எழுதி, அவரிடம் சிவப்பு மையில் அடிக்கோடு வாங்கியிருந்தாள்.

"எறும்புக்கே இந்த வார்த்தையைச் செலவு பண்ணிட்டா, நிஜமா வலிக்கும்போது என்னடி சொல்லுவே?" என்று கேட்டிருந்தார் டீச்சர்.

"சார், எக்ஸ்க்ரூஷியேட்டிங்," என்றாள் ஜெசிந்தா.

பேனா நின்றது.

"என்ன சொன்னே?"

"எங்க நைனாவோட வலி சார். எக்ஸ்க்ரூஷியேட்டிங்."

"அர்த்தம் தெரியுமா உனக்கு?"

"சிலுவைல அறையற மாதிரி வலி. எறும்பு கடிச்சா சொல்லக் கூடாது."

நைனா பதறிப்போனார். "இன்னா கண்ணு, டாக்டரை வையுறியா?"

டாக்டர் சிரிக்கவில்லை. குனிந்து கட்டை அவிழ்த்தார். கால் நீலம் பாரித்து வீங்கியிருந்தது. ஓரிடத்தில் மெல்ல அழுத்தினார். நைனாவின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"இதையாய்யா லேசுன்னே? உள்ளே முள் உடைஞ்சு கிடக்கு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா காலையே எடுக்கணும்."

உடனே நைனாவைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். மூடிய கதவின் முன்னால் ஜெசிந்தா தனியாக நின்றாள். தெரிந்த ஜெபமெல்லாம் சொல்லி முடித்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

சாயங்காலம்தான் உள்ளே விட்டார்கள். வெளுத்த முகத்தோடு நைனா படுத்திருந்தார். கால் இருந்தது.

"எப்படிக் கீது நைனா?"

"லேசா கீது."

ஜெசிந்தா அவர் கையைப் பார்த்தாள். அது எதையும் பிடித்துக்கொள்ளாமல், போர்வைமேல் விரிந்து கிடந்தது.