ஆலம் குடித்த செடி

வாயில் ஒன்றுமில்லை. ஆனாலும் சாந்தி மென்றுகொண்டிருந்தாள்.

விளக்கேற்றும் நேரம். கூடத்துத் தூணில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்து, கன்னம் உப்ப, அவசரமே இல்லாமல், வயசான ஆடு அசை போடுவதுபோல மென்றாள். வேதநாயகி மகளின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். புளியங்கொட்டை இல்லை, கரித்துண்டு இல்லை, சுவரில் சுரண்டிய காரையும் இல்லை. "இன்னாடி தின்ற?" என்று அதட்டினாள். குழந்தை ஒரு மடக்கு விழுங்கியது. அந்தப் பிஞ்சுத் தொண்டையில் ஏதோ உருண்டு இறங்கியதை வேதநாயகி தன் கண்ணாலேயே பார்த்தாள்.

சோற்றைக் காட்டினால் மட்டும் உதட்டை இறுக்கிக்கொள்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்குப் போன தீபாவளிப் பாவாடை இன்னும் இடுப்பில் நிற்காமல் நழுவுகிறது என்றால் எந்தத் தாய்தான் சும்மா இருப்பாள்? அவலூர்பேட்டை வைத்தியர் பூச்சி மருந்து கொடுத்தார். இரண்டு நாள் பேதியானதுதான் மிச்சம். கண்ணேறு என்றார்கள் தெருப் பெண்கள். அதற்கும் குறை வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, இரத்தச் சிவப்பில் ஆலம் எடுத்து, குழந்தையை நிற்கவைத்துச் சுற்றி, மூன்று முறை அதில் துப்பச் சொல்லி, கொட்டிக்கொண்டுதான் இருந்தாள். குழந்தை இளைத்துக்கொண்டேதான் இருந்தது.

பெற்ற அப்பனுக்கு இதெல்லாம் கண்ணில் பட்டால்தானே! துரைராஜுக்குச் செஞ்சி கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி; வேர்க்கடலை மூட்டை மூட்டையாக வரும், போகும். மண்டியை விட்டால் கொல்லைக் கொட்டகை. கிணற்றை ஒட்டித் தென்னங்கீற்று வேய்ந்து, நாலு பக்கமும் நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டு, அதற்குள் ஒரு நாற்பது வாட் பல்பையும் மாட்டி, பூச்சி தின்னும் செடி வளர்த்தான். ஊரில் மனுஷன் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்று சாகிற வருஷத்தில் இவனுக்கு இந்தக் கூத்து.

இலை நுனியிலிருந்து ஒரு நரம்பு இறங்கி, அதன் முனையில் மூடி போட்ட குடுவை தொங்கும். விளிம்பில் தேன் கசியும். அதை நக்க வரும் பூச்சி வழுக்கி விழுந்து, உள்ளே இருக்கிற தண்ணீரில் கரைந்துபோகும். கண்டியிலிருந்து வந்த சிலோன் செடி பெண். அஸ்ஸாம் மலையிலிருந்து வரவழைத்தது ஆண். இரண்டும் ஒரே சமயத்தில் பூப்பதற்குக் காத்துக் கிடந்து, கோழி இறகால் மகரந்தம் தொட்டு வைத்து, ஒரே காயின் விதையிலிருந்து இரண்டு கன்றுகளைத் தேற்றியிருந்தான். மூத்தவள், இளையவள் என்று பெயர் வேறு. கடையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தையல்காரரின் டேப்பை எடுத்துக்கொண்டு போய் இரண்டையும் அளப்பான். குடுவை எத்தனை நீளம், வாய் எத்தனை அகலம், எது சிவப்பு, எது பச்சை. பெற்ற பெண்ணின் உயரம் கேட்டால் முழிப்பான்.

அன்றைக்கும் அளந்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். முகமெல்லாம் வேர்வை, கண்ணில் ஒரு பளபளப்பு.

"ஏ வேதா, இளையவளுக்கு நீ இன்னா போட்ட?"

"ஒண்ணும் போடல."

"பொய் சொல்லாத. ஒரே காயில வந்த வெத. ஒரே மண்ணு, ஒரே மழத்தண்ணி. நோஞ்சான்னு மூலையில தள்ளி வெச்சேன். இன்னிக்கி அதோட குடுவ என் முழங்கை நீளம் இருக்குது. மூத்தவ அப்படியே நிக்கறா. நடுவுல நீ இன்னாவோ பண்ணியிருக்க."

வேதநாயகிக்கு ஆத்திரம் பொங்கியது. "ஆமா, பண்ணேன்! கொழந்தைக்குச் சுத்துன ஆலத்த அதுலதான் ஊத்துனேன். கால் படாத எடத்துல ஊத்தணும். வாசல்ல ஊத்தலாம்னா உங்க மண்டி ஆளுங்க மூட்டையத் தூக்கினு மிதிச்சினு போறானுங்க. கொல்லையெல்லாம் சிமெண்டு. நீங்கதான அது தேறாது, குப்பையில போடுன்னீங்க? போடறதுதானன்னு ஊத்துனேன்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கிணற்றுத் தண்ணீரின் உப்பே ஆகாத செடி அது; சுண்ணாம்பு பட்டால் வேர் வெந்துவிடும் என்று நூறு தடவை சொல்லியிருக்கிறான். அவன் கத்தவில்லை. டேப்பை விரலில் சுற்றினான். பிரித்தான். மறுபடி சுற்றினான்.

"சுண்ணாம்பு பட்டும் சாகல" என்றான் மெதுவாக. "அப்ப சுண்ணாம்பும் இல்ல. மஞ்சளும் இல்ல."

மிச்சம் என்ன என்று அவன் சொல்லவில்லை. தூணடியில் உட்கார்ந்திருந்த குழந்தையைத் திரும்பிப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அப்படி ஆசையாக அதை அவன் பார்த்ததில்லை. வேதநாயகி குழந்தையை இழுத்துத் தன் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரேஷன் கடையிலிருந்து வந்தவள் நடையிலேயே நின்றுவிட்டாள். கூடத்தின் நடுவில் சாந்தி கிழக்கு பார்த்து நின்றிருந்தாள். துரைராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தட்டில் ஆலம் தளும்ப, ஒன்று, இரண்டு என்று நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். ஆம்பிளை ஆலம் சுற்றி அவள் பார்த்ததே இல்லை. "துப்பும்மா" என்றான். குழந்தை துப்பியது. "இன்னொரு வாட்டி. நல்லா, எச்சில் கூட்டித் துப்பு."

"இன்னாங்க பண்றீங்க!"

"நீ இளையவளுக்கு ஊத்துன இல்ல, நான் மூத்தவளுக்கு ஊத்தறேன். ரெண்டுக்கும் ஒரே மாதிரி குடுத்தாத்தான எது ஒசத்தின்னு தெரியும்?" சிரித்தான். "உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

தட்டைப் பிடுங்கப் போனவளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுக் கொல்லைக்குப் போனான். அவள் குழந்தையை வாரி எடுத்தாள். புடைத்து முடித்த முறத்துக்கு இருக்கிற கனம்கூட இல்லை.

அன்று சாயங்காலம் அவன் மண்டிக்குப் போனதும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அந்தச் சனியன்களை ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் போனாள். மழை பிசுபிசுத்து ஓய்ந்திருந்தது. பகல் முழுக்க வாங்கின வெயிலை கோட்டை நிற்கிற ராஜகிரிப் பாறை திருப்பி மூச்சுவிடுகிற நேரம்; ஈரச் சாக்கின் மக்கல் வாடையும், தேங்காய் நாரின் புளிப்பும், அவற்றுக்கடியில் பழுத்த பழம்போல ஒரு தித்திப்பும் முகத்தில் வந்து அப்பின. பல்பைச் சுற்றி ஈசல் பறந்தது. அதன் நிழல்கள் குடுவைகளின் மேல் ஓட, அவை தங்களுக்குள் எதையோ விழுங்கிக்கொள்வதுபோல இருந்தது. இளையவளின் பெரிய குடுவை மூடியைத் திறந்துகொண்டு தொங்கியது. அதன் விளிம்பில் ஒரு பல்லி.

பல்லி நாக்கை நீட்டித் தேனைத் தொட்டது. முன்கால் வழுக்கியது. வால் ஒருமுறை துடித்தது. தொபுக்கென்று உள்ளே விழுந்தது.

இடுப்பிலிருந்த சாந்தி வெறும் வாயை மெல்ல ஆரம்பித்தாள்.

வேதநாயகி அசையவில்லை. குடுவைக்குள் தண்ணீர் கலங்குகிற சத்தம் கேட்டது. காதருகே பல் அரைபடுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் நின்றது. பல் நின்றது. ஒரு மடக்கு. தொண்டையில் உருண்டு இறங்கியது.

கூரையில் செருகியிருந்த வெட்டுக்கத்தியை உருவினாள். இளையவளின் தண்டைப் பிடித்தாள். வெதுவெதுவென்றிருந்தது. கத்தியை வைத்து ஓர் இழுப்புதான் இழுத்திருப்பாள். வீறிட்டது குழந்தை. திரும்பிப் பார்த்தாள். சாந்தியின் கழுத்தில், நாளைக்குத் தாலிக்கயிறு கிடக்கப்போகிற இடத்தில், சிவப்பாக ஒரு கோடு. கோட்டில் பனித்துளி போல இரத்தம் முளைத்தது.

கத்தி கீழே விழுந்தது. "ஐயோ என் கண்ணே, நான் பாவி, நான் பாவி" என்று முந்தானையால் கழுத்தை ஒற்றினாள். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். வெட்டவும் முடியாது. விடவும் முடியாது. செடி சாகாமல் இருந்தால்தான் பிள்ளை சாகாமல் இருக்கும்.

அழுகை ஓய்ந்ததும் எழுந்தாள். அடுப்படிக்குப் போய்ச் சோற்றைக் குழைத்து, பாலும் துளி உப்பும் விட்டு, கோலியளவு உருண்டையாக்கிக்கொண்டு வந்தாள். அதை இளையவளின் வாய்க்குள் போட்டாள்.

சாந்தி மென்றாள். விழுங்கினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

அதன்பின் வேளை தவறவில்லை. காலையில் ஓர் உருண்டை, சாயங்காலம் ஓர் உருண்டை. பெற்றவள் ஊட்டுகிறாள், எதன் வழியாக ஊட்டினால் என்ன? அப்படித்தான் மனசைத் தேற்றிக்கொண்டாள். குழந்தையின் கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. குடுவைக்குள் சோறு புளித்தபோது சாந்தியின் மூச்சும் புளித்தது. அதைச் சகித்துக்கொண்டாள். பேச்சுத்தான் நின்றுபோயிருந்தது. அம்மா என்ற சொல்கூட வரவில்லை. வரும், உடம்பு தேறினால் வரும் என்று காத்திருந்தாள்.

மூத்தவள் வளர்ந்துகொண்டிருந்தாள். துரைராஜ் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டுத் தினமும் ஆலம் சுற்றினான். தடுத்தால் அறைந்தான். மூத்தவளின் குடுவை இப்போது ஒரு கைக்குழந்தையின் உடம்பளவு இருந்தது. கருஞ்சிவப்பு. பக்கவாட்டில் நரம்புகள் தடித்து ஓடின.

அன்றும் அவள் உருண்டையோடு கொட்டகைக்கு வந்தாள். இடுப்பில் சாந்தி. அங்கே அவன் முன்னமே குந்தியிருந்தான். பக்கத்தில் ஒரு மூங்கில் கூடை. கூடைக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம்.

"சோத்தப் போட்டுச் செடிய அழுக வெக்கற" என்றான், திரும்பாமலே. "அதுங்களுக்கு இன்னா வேணும்னு ஒனக்குத் தெரியல."

"வேணாங்க. ஒங்க கால்ல வேணாலும் விழறேன். கொழந்தங்க அது."

"எதச் சொல்ற?"

கூடைக்குள் கையை விட்டான். மஞ்சள் கோழிக்குஞ்சு ஒன்றை எடுத்தான். மூத்தவளின் மூடியை இரண்டு விரலால் தூக்கினான்.

போட்டான்.

குடுவை ஆடியது. உள்ளேயிருந்து கீச் என்றது. அடைத்த குரல். மறுபடி கீச். குடுவையின் உள்சுவரில் சிறகு அடித்தது.

பிறகு நின்றது.

பிறகு மறுபடி கேட்டது. குடுவையிலிருந்து இல்லை.

இடுப்பிலிருந்து. பாவாடைக்குள்ளிருந்து. குழந்தையின் வயிற்றிலிருந்து.

வேதநாயகி அவசர அவசரமாகச் சோற்று உருண்டையை இளையவளின் வாய்க்குள் திணித்தாள். சாந்தி முகத்தைச் சுளித்தாள். தூவென்று துப்பினாள். வெள்ளையாய்ச் சோறு அம்மாவின் மார்பில் வழிந்தது.

"சாந்தி. என் தங்கமே. இங்க பாரு. அம்மாவப் பாரு."

குழந்தை அப்பனைப் பார்த்தாள். கையை நீட்டினாள். இத்தனை நாளும் வராத பேச்சு வந்தது. தெளிவாக வந்தது.

"நைனா, இன்னும்."

"பாத்தியா?" என்றான் துரைராஜ். "பாத்தியாடி? நம்ம பொண்ணு பசிக்குதுன்னு கேக்குது." மறுபடி கூடைக்குள் கையை விட்டான்.

வேதநாயகி மகளின் தாடையைப் பிடித்து வலுவாகத் தன் பக்கம் திருப்பினாள். விழுங்கவிடக் கூடாது. தோண்டி எடுத்துவிட வேண்டும். வாயைத் திறக்க விரலை நுழைத்தாள். நுழைக்கத் தேவையிருக்கவில்லை. வாய் தானாகவே திறந்தது. இன்னும் திறந்தது. குழந்தை வாய் திறக்கக்கூடிய அளவையும் தாண்டித் திறந்தது.

உள்ளே, விளிம்பு வரைக்கும், தெளிந்த தண்ணீர். அதில் பல்பு மிதந்தது. வேதநாயகியின் முகம் மிதந்தது. அந்த முகத்துக்கு அடியில், வெகு ஆழத்தில், மஞ்சளாக ஒன்று இன்னும் சிறகடித்துக்கொண்டிருந்தது.