சத்தம் போடாத கார்

றஊப் நானாவின் பழைய டீசல் காரை யாரும் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. அது தெரணியகலை டவுனில் இருமினால் போதும், மலை மேலே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் மேட்டு லயம் வரைக்கும் கேட்கும்.

அந்த இருபத்தெட்டு வயதுக் கார் விடும் புகையில் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை சாம்பல் நிறமாகிவிடும். ஏற்றத்தில் இரண்டு தடவை நின்று மானத்தையும் வாங்கிவிட்டது.

"இனி இதோட மல்லுக்கட்ட ஏலாது," என்று சொல்லி, அதை விற்றுவிட்டு ஒரு மின்சாரக் கார் வாங்கினார் றஊப் நானா.

அவருடைய மகள் ஸுமைராவுக்குத் தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமை காலை முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கார் ஓடத் தொடங்கியதே தெரியவில்லை.

"வாப்பா, கார ஸ்டார்ட் பண்ணல்லயா?"

"நாங்க சந்தியத் தாண்டிட்டோம், மகள்!"

தினமும் மேட்டு லயத்துக்குப் போய், ஸுமைராவின் கூட்டாளி ஷர்மிளாவை ஏற்றிக்கொண்டு பாடசாலைக்குப் போவதுதான் வழக்கம். லயத்திலிருந்து ரோட்டுக்கு வரத் தொண்ணூற்றாறு படி இறங்க வேண்டும். வழக்கமாகக் கார் போய் நிற்கும்போது ஷர்மிளா கடைசிப் படியில் இருப்பாள். அன்று படியில் ஒரு நாய் மட்டும்தான் இருந்தது.

ஐந்து நிமிடம் போனது. வாப்பா ஹோன் அடித்தார். வளைந்து வளைந்து போகும் அந்த ரோட்டில் முடக்குக்கு முடக்கு எல்லா வண்டியும்தான் ஹோன் அடிக்கும். யார் கவனிப்பார்கள்?

ஸுமைராவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூச்சிரைக்கப் படியேறிப் போனாள். ஷர்மிளா ஒரு பக்கம் மட்டும் சடை பின்னியபடி வாசலில் நின்றாள்.

"ஏன்டி வரல்ல?"

"கார் சத்தம் கேக்கலையே! பெக்டரி முடக்குல உங்க கார் கத்துனா ரெண்டாவது சடை பின்னுவேன். பாலத்துக்கிட்ட கத்துனா தம்பியப் பிள்ளை மடுவத்துல விட்டுட்டு ஓடியாருவேன். இன்னைக்கு ஒண்ணுமே கேக்கல."

ஷர்மிளாவின் அம்மா சூசையம்மா விடிந்ததுமே ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போய்விடுவார். வீட்டில் இருந்த ஒரே போனும் அவரோடு போய்விடும். கார் வரும் நேரமும் லொறி, மழை, பஸ் என்று தினம் மாறும். தம்பியை முன்கூட்டியே விட்டுவிட்டு வரலாம் என்றால், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து ஆயா அவனைச் சீக்கிரமாக எடுக்கமாட்டார்.

அன்று இருவரும் பாடசாலைக்குப் பிந்திப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை ஸுமைரா ஒரு யோசனையோடு வந்தாள். பெக்டரி முடக்கிலேயே கண்ணாடியை இறக்கி, காரில் பாட்டை உச்சச் சத்தத்தில் போட்டாள். மலையே அதிர்ந்தது.

படிகளில் கூட்டம் இறங்கி வந்தது! ஒருவர் கையில் பை, ஒருவர் கையில் கூடை. எல்லோருக்கும் முன்னால் ஷர்மிளாவின் தம்பி லோரன்ஸ்.

"எனக்கு ஒரு கிம்புலா பணிஸ்!" என்றான் அவன்.

ஸுமைராவுக்கு அப்போதுதான் உறைத்தது. பாட்டுப் போட்டுக்கொண்டு இந்த மலையேறுவது பாணும் பணிஸும் விற்கும் பேக்கரி ஆட்டோ மட்டும்தான். ஷர்மிளாவும் பாண் வாங்கத்தான் வந்திருந்தாள், அதே ஒற்றைச் சடையோடு.

பாண் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாப்பாவுக்கு வாய் வலித்தது. அன்றும் பிந்திவிட்டது.

பாடசாலை வாசலில் துஷ்யந்தி டீச்சர் கோபமாக நின்றார். வெள்ளிக்கிழமை தமிழ்த்தினப் போட்டி. நாடகத்தில் ஷர்மிளாதான் ராணி. ஸுமைராவுக்கு வாயே திறக்காத காவல்காரி வேடம்.

"வெள்ளிக்கிழமை போட்டிக்குப் போற பஸ் இங்கயிருந்து ஏழரைக்குப் போகும். யாருக்காகவும் நிக்காது. பிந்தினா ராணி வேஷத்த வேற ஆளுக்குக் குடுப்பேன்."

ஒரு மாதமாக ராணியின் வசனங்களைச் சொல்லிச் சொல்லிப் பழகியவள் ஷர்மிளா. ஸுமைராவோ, எங்கள் காரால்தானே இவளுக்கு இந்த வம்பு என்று நினைத்து நினைத்து, பின்னேரம் வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் ஷர்மிளாவை இறக்கிவிடப் போனபோது, ரப்பர் மலையிலிருந்து ஒரு நீண்ட குரல் வந்தது.

"ஹூ...!"

மேலே லயத்திலிருந்து ஒரு பொடிக் குரல் பதில் சொன்னது. "ஹூ...!"

"அம்மாதான். தண்ணி கொண்டாரச் சொல்லித் தம்பியக் கூப்புடுறாங்க," என்றாள் ஷர்மிளா.

ஸுமைரா காரை விட்டுக் குதித்து, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடினாள். "மாமி! நான் பெக்டரி முடக்கில ஹூ போட்டா உங்களுக்குக் கேக்குமா?"

சூசையம்மா சிரித்தார். "நல்லாக் கேக்கும் பாப்பா. நீ ஒரு ஹூ போடு. நான் வாங்கி மேல அனுப்புறேன்."

புதன்கிழமை அப்படியே நடந்தது. முடக்கில் ஒரு ஹூ, பாலத்தில் இரண்டு ஹூ. கார் போய் நின்றபோது ஷர்மிளா இரட்டைச் சடையோடு கடைசிப் படியில் நின்றாள்.

ஸுமைராவுக்கு ஒரே புளுகம்; சந்தோஷம் தாங்கவில்லை. வியாழக்கிழமை முடக்குக்கு முடக்கு ஹூ போட்டாள். வீட்டிலும் போட்டாள். உம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது தொண்டை கட்டிவிட்டது.

வெளியே பனிமூட்டம். ஒரு லொறிக்குப் பின்னால் சிக்கி, ஏற்கனவே பத்து நிமிடம் போய்விட்டது. பெக்டரி முடக்கில் ஸுமைரா இறங்கி வாயைத் திறந்தாள். "க்ர்ர்ர்" என்று காற்றுத்தான் வந்தது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வாப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, மலையைக் காட்டினாள்.

"நானா?" வாப்பா திகைத்தார். வீட்டில் உப்புக் கேட்பதென்றாலும் மெதுவாகக் கேட்கிற மனிதர் அவர். "பாக்கிற ஆக்கள் என்ன செல்லுவாங்க?"

"வாப்பா... ஷர்மிளா... ராணி..." என்றாள் ஸுமைரா, கரகரத்த குரலில்.

வாப்பா இரண்டு பக்கமும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஹூ," என்றார், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது போல.

ஸுமைரா தலையை ஆட்டினாள். இன்னும், இன்னும் என்று கையைக் காட்டினாள்.

வாப்பா கண்ணை மூடிக்கொண்டார். "ஹூ...!"

பனிக்குள்ளிருந்து சூசையம்மாவின் குரல் அதை வாங்கியது. பக்கத்து மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். ஹூ... ஹூ... என்று அது மேலே மேலே ஏறிப் போனது.

கார் போய் நின்றபோது ஷர்மிளா கடைசி மூன்று படிகளை ஒரே தாவலில் தாண்டி வந்து ஏறினாள்.

"யாரு ஹூ போட்டது? மலையே ஆடிப்போச்சு!"

ஸுமைரா வாப்பாவைக் காட்டினாள். வாப்பாவின் காது சிவந்துவிட்டது.

ஏழு இருபத்தைந்துக்குப் பாடசாலை வாசலில் இறங்கினார்கள். பஸ்ஸில் ஏறிய ஷர்மிளா, டீச்சரின் கையிலிருந்து ராணியின் கிரீடத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஸுமைரா அவள் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள்.

கார் சத்தமில்லாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. முடக்கில் மறைவதற்கு முன் வாப்பா தலையை வெளியே நீட்டி, யாரையும் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாமல், இன்னொரு ஹூ போட்டார்.