கையை எடுக்கவும்

ஸ்கேனரின் திரையில் மூன்றாவது முறையாக அதே வரி வந்தது: ‘ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவும்.’

மெக்கானிக் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். ஒன்றில் ஸ்கேனர். இன்னொன்று காரின் கூரைமேல். திறந்திருந்த கதவு வழியாக ஸ்கேனரின் ஒயர் உள்ளே போய் டாஷ்போர்டுக்குக் கீழே செருகியிருந்தது. காருக்குள் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பக்கத்துக் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. வெயிலில் தகரக் கூரை அவ்வப்போது டப்பென்று நெளிந்தது. மூலையில் மின்விசிறி, கழுத்து சுளுக்கியதுபோல், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தயங்கித் தயங்கித் திரும்பியது.

இந்தப் பழைய காரின் ஸ்டீயரிங்குக்கு மின்சார மோட்டார்தான் துணை. ஸ்டீயரிங் தண்டின் நடுவே விரல் தடிமனில் ஒரு கம்பி உண்டு. ஸ்டீயரிங் வளையத்தைத் திருப்பினால் அந்தக் கம்பி முடியளவு முறுக்கிக்கொள்ளும். எந்தப் பக்கம் முறுக்கியது, எவ்வளவு முறுக்கியது என்று ஒரு சென்சார் பார்த்துச் சொல்லும். உடனே மோட்டார் அதே பக்கம் தள்ளிக் கொடுக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். மோட்டாருக்குச் சொந்த புத்தி கிடையாது. கை எந்தப் பக்கம் விரும்புகிறதோ, அந்தப் பக்கம் போகும்.

அதனால் அதற்கு முதலில் ஒன்றைக் கற்றுத் தர வேண்டும்: யாருமே தொடாதபோது எப்படி இருக்கும் என்பதை. சக்கரங்களை நேராக வைத்து, கையை எடுத்துவிட்டு, பொத்தானை அழுத்தினால், ‘இதுதான் பூஜ்யம்’ என்று அது மனப்பாடம் செய்துகொள்ளும்.

இப்போது யாரும் தொடவில்லை. திரையில் எண் பூஜ்யமாக இல்லை. 1.8. வலப்பக்கமாக.

அது பெரிய விசை ஒன்றுமில்லை. ஒரு கை சோம்பலாக வளையத்தில் தொங்கினால் வரும் கனம்.

*

காலையில் தம்பி மனைவிதான் காரைக் கொண்டுவந்து விட்டாள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அவள். கார் இல்லாமல் வேலை ஓடாது. பின்சீட்டில் எட்டு வயது மகள் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“வலது பக்கமே போகுது மாமா. ஒரு மாசமா இழுத்துப் பிடிச்சு ஓட்டி மணிக்கட்டே போச்சு. எதிர்ல லாரி வர்ற பக்கம்ல?”

“அலைன்மென்ட் பார்த்தியாம்மா?”

“டயர்க்காரர் ரெண்டு தடவை பார்த்துட்டார். ‘வண்டியில குத்தமில்ல, உங்க மனசுதான் சாயுது’ன்னு ஜோக் வேற.” அவள் சிரிக்கவில்லை. “நாளைக்கு இவளை ஸ்கூல்ல விட்டுட்டு நான் ஹைவேல போகணும். இன்னைக்கு முடியலேன்னா சொல்லிடுங்க.”

“முடியும்.”

“உங்க தம்பி சொல்வார், ‘எங்கண்ணன் கை பட்டா வண்டி பேசும்’னு. என்ன பேசுதுன்னு கேளுங்க.” சாவியைக் கொடுத்தவள் போகாமல் நின்றாள். “அவர் வண்டி ஓட்டறப்ப தூங்கறவர் இல்ல மாமா.”

இந்த எட்டு மாதங்களில் அவள் இதைப் பத்து தடவையாவது சொல்லியிருப்பாள். அவரிடம் மட்டும்தான் சொன்னாள்.

“விடும்மா” என்றார் அவர். ஒவ்வொரு தடவையும் இதைத்தான் சொன்னார்.

*

முறைப்படிதான் செய்தார். பேட்டரி சரி. எர்த் ஒயரைச் சுரண்டித் துடைத்து மாட்டினார். முன் டயர்களை இடம் மாற்றினார். பிறகு பியூஸைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார்த்தார். மோட்டார் செத்தது, ஸ்டீயரிங் கல்லாய்க் கனத்தது, ஆனால் கார் நூல் பிடித்ததுபோல் நேராகப் போனது. பியூஸை மாட்டினார். வலப்பக்கம் சாய்ந்தது. ஆக, சக்கரத்தில் கோளாறு இல்லை. யாரோ திருப்புகிறார்கள் என்று மோட்டார் நம்புகிறது.

சென்சார் போயிருக்கும் என்று, பழைய தண்டைக் கழற்றிவிட்டு, கைவசம் இருந்த புதுத் தண்டையே பூட்டினார். வளையம் மாட்டாதபோது 0.0. அப்பாடா என்றிருந்தது. வளையத்தை மாட்டி நட்டை முறுக்கினார். 1.8. கழற்றினார். 0.0. மாட்டினார். 1.8. அலமாரியில் கிடந்த வேறொரு காரின் வளையத்தைத் தேடி எடுத்து மாட்டினார்.

1.8.

தண்டில் இல்லை. சென்சாரில் இல்லை. வளையத்திலும் இல்லை. முப்பது வருடத் தொழிலில், கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவதுதான் கோளாறு. இங்கே எல்லாவற்றையும் கழித்தாயிற்று. மிஞ்சியது ஓட்டுநர் இருக்கை. காலியான இருக்கை.

அப்போதுதான் அந்த வாசனை தட்டியது. பெயின்ட் கரைக்கும் தின்னர். பட்டறைதான், தின்னர் வாசனை வருவது புதிதல்ல. ஆனால் அவர் எலக்ட்ரிக் வேலை மட்டும்தான் செய்கிறார். இங்கே தின்னரோடு திரிந்தவன் ஒருவன்தான். பெயின்டர். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது நிறம் ஒட்டியிருக்கும். சாப்பாட்டிலும் அந்த வாசனை அடிக்கிறது என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள்.

அவருடைய தம்பி.

*

1.8 என்ற எண்ணை முதல் பார்வையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. காலையிலிருந்து தெரியாததுபோல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

எட்டு மாதங்களுக்கு முன் இதே இடத்தில் இதே கார் நின்றது. தம்பி உள்ளே உட்கார்ந்திருந்தான். அன்று இருவருக்கும் பேச்சு சரியில்லை. அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்று காலையில் வாய்ச்சண்டை. ஸ்டீயரிங் வேலையைச் சீக்கிரம் முடித்து அவனை அனுப்பிவிட வேண்டும் என்றிருந்தது அவருக்கு. பழைய ஸ்கேனர். கை இருக்கிறதா என்று கேட்கத் தெரியாத ஸ்கேனர். அவன் வலது கை வளையத்தின் வலது ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. திரையில் 1.8.

“கையை எடுக்கணுமாண்ணா?”

அவன்தான் கேட்டான். சமாதானமாகத்தான் கேட்டான்.

“எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன? பேசாம இருடா.”

பொத்தானை அழுத்தினார். எண் 0.0 ஆனது.

அதன் பிறகு அந்த ஸ்டீயரிங்குக்கு, தம்பியின் கை தொங்கும் கனமே பூஜ்யம். கை இருக்கும்வரை நேராகப் போகும். கையை எடுத்தால், யாரோ இடது பக்கம் திருப்புகிறார்கள் என்று நம்பும். அன்று மாலையே மதகருகே எதற்கோ கையை எடுத்திருக்கிறான். போன் அடித்திருக்கலாம். மூக்கு அரித்திருக்கலாம். கார் இடது பக்கச் சுவரில் போய் மோதியது. பாடி பட்டறையில் முன்பக்கத்தை நிமிர்த்தி, நசுங்கிய தண்டை அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு குப்பையில் போட்டு வேறு பூட்டினார்கள். சாட்சியும் குப்பைக்குப் போனது.

சாவு வீட்டில், யாரும் கேட்காமலே அவர் வாயைத் திறந்தார்: “தூங்கியிருப்பான்.” எல்லோரும் தலையாட்டினார்கள்.

புது ஸ்கேனரை அடுத்த மாதம் வாங்கினார். கை இருந்தால் கண்டுபிடித்துச் சொல்லும் ஸ்கேனர்.

*

‘ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவும்.’

மின்விசிறி தயங்கியது. திரும்பியது. தயங்கியது.

வளையம் அசையவில்லை. ஆனால் அதன் வலது ஓரத்தில், கறுப்பு ரப்பர் உறையில், நான்கு இடங்களில் லேசாகக் குழி விழுந்திருந்தது. விரல் பதிகிற இடைவெளியில். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழிகள் இன்னும் கொஞ்சம் ஆழமாயின.

2.4.

“எடுடா” என்றார். “கையை எடுடா.”

3.1.

எப்படி எடுப்பான்? ஒரே ஒரு தடவை எடுத்தான். அதற்கே செத்தான். இனி எடுக்க மாட்டான். இறுக்கித்தான் பிடிப்பான். நாளைக்கு ஹைவேயில் மகள் பின்சீட்டில் இருக்கும்போதும் பிடிப்பான். பயத்தில் பிடிப்பவனுக்கு யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியாது.

4.0. தண்டுக்குள் மோட்டார் முனகியது. முன்சக்கரங்கள் சிமென்ட் தரையில் கரகரவென்று தாமாகத் திரும்பின.

அவர் ஸ்கேனரை இடது கைக்கு மாற்றினார். வலது கையை உள்ளே நீட்டினார். குழி விழுந்த இடத்தில், ரப்பருக்கும் அந்த ஒன்றுமில்லாததற்கும் நடுவே, விரல்களை நுழைத்தார்.

சூடு.

தின்னர் வாசனை மூக்கை அடைத்தது.

அது வளையத்தை விட்டது. அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

அவர் கையை வெளியே இழுத்தார். கையோடு கனமும் வெளியே வந்தது.

திரையில் 0.0. ஸ்கேனரை இருக்கையில் வைத்துவிட்டு, இடது கையால் சக்கரங்களை நேராக்கினார். ஸ்டீயரிங்கை விட்டார். ‘கை இல்லை. தொடரலாமா?’ என்றது ஸ்கேனர்.

அழுத்தினார்.

*

ஐந்து மணிக்கு அவள் மகளோடு வந்தாள். தெருவில் ஒரு சுற்று போய்விட்டு வந்து நிறுத்தியவள் முகத்தில் எட்டு மாதத்தில் முதல்முறையாக வெளிச்சம்.

“ஒரு நிமிஷம் கையை விட்டே பார்த்தேன் மாமா. அப்படியே நேரா போகுது! என்னதான் கோளாறு?”

சொல்லலாம். இப்போது சொல்லலாம். அவர் வாயைத் திறந்தார்.

“சின்ன ஒயர்ம்மா. உள்ள தேய்ஞ்சிருந்துச்சு.”

மணிக்கட்டில் பிடி இறுகியது. எலும்புவரை.

“பெரியப்பா, உங்க கையில என்ன?” என்றாள் சிறுமி. “பெயின்டா?”

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். கார் தெருமுனையில் அம்புபோல் நேராகப் போய்த் திரும்பி மறைந்தது.

உள்ளே வந்து நோட்டை எடுத்தார். எந்த வண்டிக்கு என்ன கோளாறு, எப்படிச் சரியானது என்று எழுதி வைப்பது அவர் பழக்கம். எட்டு மாதங்களுக்கு முந்தைய பக்கத்தில் அதே காரின் எண்ணுக்கு எதிரே, அவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘பூஜ்யம் வைத்தாயிற்று. சரி.’

புதுப் பக்கம் திருப்பினார். பேனா ஒவ்வொரு எழுத்திலும் வலப்பக்கம் நழுவியது. யாரோ கையைப் பிடித்து எழுத வைப்பதுபோல். எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு எழுதினார். அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்களின் நகக்கண்களில் இருந்த நீலம் காகிதத்தில் ஈரமாக ஒட்டியது.

‘கோளாறு: கையை எடுக்க மறுக்கிறது. தீர்வு: பிடித்துக்கொள்ள அதற்கு வேறொரு கையைக் கொடுக்க வேண்டும். கொடுத்தாயிற்று. வண்டி நேராகப் போகிறது.’