பிள்ளையாருக்குப் பின்னால் ஒரு தேதி

கோரிமேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறது காசிலிங்கத்தின் கடை. ஜெராக்ஸ், பிரிண்ட், தட்டச்சு எல்லாம் உண்டு. பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் இங்கேதான் வருவார்கள். எதையாவது நகல் எடுக்க மறந்திருப்பார்கள்.

கடையில் ஒரு கம்ப்யூட்டரும் மூன்று நாட்காட்டிகளும் இருந்தன. கம்ப்யூட்டர் அம்மாவுடையது. நாட்காட்டிகள் அப்பாவுடையவை. நல்ல நேரம் பார்க்காமல் அப்பா குடையைக்கூட விரிக்க மாட்டார் என்று அம்மா சந்திரகலா சொல்வார். அது கொஞ்சம் அதிகம்தான். பெருமழை என்றால் விரிப்பார்.

இவர்களின் மகள் சிவசங்கரி ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

அம்மாவின் வேலை, ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்குக் கடிதம் தட்டித் தருவது. அவர்கள் ஊர்க்கதை எல்லாம் சேர்த்துச் சொல்வார்கள். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, தேவையானதை மட்டும் ஒரு பக்கத்தில் தட்டிக் கொடுத்துவிடுவார். பத்து வருடமாக அந்த நாற்காலி அவருடையது.

போன மாதம் அம்மா ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலில் எலும்பு முறிந்துவிட்டது. மூன்று மாதம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலியார்பேட்டை வீட்டில் கட்டிலே கதி என்று ஆகிவிட்டது.

நாற்காலியில் அப்பா உட்கார்ந்தார். அவர் ஒரே விரலால் தட்டுவார். அந்த விரலும் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித்தான் இறங்கும். பதினொரு வரிக் கடிதத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. காத்திருந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள், பிறகு எழுந்து போய்விட்டார்கள்.

வழி சொன்னவர் விஜய். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். கடைக் கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள் வீட்டுப் பதிப்பு, வெளியிலிருந்து இன்னொருவர் உள்ளே வந்து வேலை செய்ய அது இடம் கொடுக்காது என்றார். அதைத் தொழில் பதிப்பாக உயர்த்திவிட்டால் போதும். அம்மா கட்டிலில் இருந்தபடியே பழைய லேப்டாப்பில் தட்டலாம், கடையில் பிரிண்ட் வந்து விழும். அதற்கு வேண்டிய இருபத்தைந்து எழுத்துச் சாவியையும் அவரே வாங்கித் தந்தார். அப்பா அதை நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை அப்பா அந்தச் சாவியைத் தட்டினார். சக்கரம் சுற்றியது. பிறகு, 'முடியவில்லை, பின்னர் முயலவும்' என்று வந்தது. பின்னர் முயன்றார். அதே பதில்தான்.

வியாழக்கிழமை விஜய் நேரில் வந்தார். இணைய வயரைப் பிடுங்கிச் செருகினார். அணைத்துப் போட்டார். மூன்று முறை முயன்றார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும் என்றார். அந்த வேலையை ஆடி மாதத்தில் தொடவே கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார்.

அதற்குள் தட்டச்சு தெரிந்த பாக்கியலட்சுமி என்ற அக்கா, ஆவணி முதல் தேதியிலிருந்து வேலைக்கு வரவா என்று கேட்டிருந்தார். அவரை இன்னொரு கடையிலும் கூப்பிட்டிருந்தார்கள். அதனால் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் முடிவு சொல்வதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார்.

"வரட்டும், நல்லதுதான்" என்றார் அம்மா. சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சிவசங்கரிக்கு அழுகை வந்தது. அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்தால், கால் சரியான பிறகும் அம்மாவுக்கு இடம் இருக்காது.

சனிக்கிழமை காலை அவள் அப்பாவோடு கடைக்குப் போனாள். பத்து மணிக்குப் பச்சையம்மாள் வந்தார். விழுப்புரம் பக்கத்துக்காரர். கணவரின் ஆபரேஷனுக்கு உதவி கேட்டு நேற்றுத்தான் இங்கே கடிதம் வாங்கிப் போயிருந்தார். அதுவும் அப்பா ஒரே விரலால் தட்டியதுதான்.

"திருப்பிட்டாங்க தம்பி" என்று தாளை நீட்டினார். "இன்னும் பொறக்காத தேதி போட்டிருக்குதாம். பன்னெண்டு மணிக்குள்ள சரியா எடுத்தாரச் சொல்றாங்க."

சிவசங்கரி தாளை வாங்கிப் பார்த்தாள். மேலே 'ஆகஸ்ட் 23' என்று இருந்தது. கடிதம் தட்டிய நாளோ ஜூலை 25.

தேதியைத் தான் தட்டவில்லை, அது தானாக விழும்படி அம்மா வைத்திருக்கிறார் என்றார் அப்பா. அது உண்மை. அப்படியென்றால் கம்ப்யூட்டரே இது ஆகஸ்ட் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

சிவசங்கரி திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தாள். தேதி அங்கேதான் தெரியும். ஆனால் அங்கே பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். போன ஆயுத பூஜைக்கு அப்பா ஒட்டிய ஸ்டிக்கர். அவரைப் பிய்த்தெடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அவள் பிய்க்கவில்லை. மௌஸை நகர்த்திப் பிள்ளையாரின் தொந்தி மேல் கொண்டுபோய் ஒரு அழுத்து அழுத்தினாள். அவர் தலைக்கு மேலே ஒரு நாட்காட்டி விரிந்தது. ஆகஸ்ட் 24, ஞாயிறு என்றது.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரில் இருந்த நாட்காட்டிகளைப் பார்த்தார்.

"நீ மாத்துனியாப்பா?"

"ஆடியில எதையும் புதுசா ஆரம்பிக்கக் கூடாதும்மா" என்றார் அப்பா மெதுவாக. "அதான் புதன்கிழமை கம்ப்யூட்டருக்கு மட்டும் ஆவணி அஞ்சாந்தேதின்னு வச்சேன். நல்ல முகூர்த்தம். அம்மாகிட்ட சொன்னா சிரிப்பா."

சிவசங்கரிக்கும் சிரிப்பு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டாள். அம்மாவின் வேலை நல்லபடியாக நடக்க வேண்டும் என்றுதானே செய்திருக்கிறார்.

விஜய்க்குப் போன் போட்டு, தேதி தப்பாக இருந்தால் சாவி வேலை செய்யுமா என்று கேட்டாள். அந்தப் பக்கம் அவர் நெற்றியில் தட்டிக்கொண்ட சத்தம் கேட்டது. பிறகு விஜய் சொன்னார், சாவியை எங்கோ தூரத்தில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டர்தான் சரிபார்க்கும். இரண்டின் தேதியும் ஒத்துப்போகாவிட்டால் அது சந்தேகப்பட்டு மறுத்துவிடும்.

"நான் பிள்ளையாரைப் பார்த்தேன் பாப்பா. அவருக்குப் பின்னால பார்க்காம விட்டுட்டேன்" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல, சிவசங்கரி தேதியை ஜூலை 26 என்று மாற்றினாள். கடிதம் சரியான தேதியோடு வெளியே வந்தது. பச்சையம்மாள் அதை வாங்கிக்கொண்டு வேகமாக நடந்தார்.

இனிச் சாவிதான் பாக்கி. அவள் நாட்காட்டித் தாளைக் கேட்டாள். அப்பா கொடுக்கவில்லை.

"இப்ப ஆடி பத்து ஆயிடுச்சே. எப்படிம்மா?"

சாயங்காலம் பாக்கியலட்சுமிக்குப் பதில் சொல்ல வேண்டும். சண்டை போட்டால் அப்பா பிடித்த பிடியை விட மாட்டார். சிவசங்கரி ஒரு நிமிடம் யோசித்தாள்.

"அப்பா, அம்மா டைப் அடிக்கிறது புதுசா?"

"இல்லையே. பத்து வருஷமா அடிக்கிறா."

"அப்ப இது ஆரம்பிக்கிறது இல்லப்பா. நடுவுல நின்ன வேலை. நின்னதைத் தொடர்றதுக்கு ஆடி என்னா, ஆவணி என்னா?"

அப்பா மூன்று நாட்காட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தக் கேள்விக்கு ஒன்றிலும் பதில் இல்லை.

"ராகு காலம் பத்தரைக்கு முடியுது" என்றார் கடைசியில்.

மணி பத்து இருபது. மூன்று நாள் காத்திருந்தவளுக்குப் பத்து நிமிடம் பெரிதில்லை. சிவசங்கரி விட்டுக்கொடுத்தாள்.

பத்து முப்பத்தொன்றுக்கு அவள் சாவியைத் தட்டினாள். அப்பா ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். சக்கரம் சுற்றியது. திரை கறுத்தது. அப்பா பிள்ளையாரையே பார்த்துக்கொண்டு நின்றார். கம்ப்யூட்டர் இரண்டு முறை அணைந்து எரிந்தது. பிறகு, தொழில் பதிப்பு தயார் என்று எழுதிக் காட்டியது.

மீதி இணைப்பை விஜய் போனிலேயே சொல்லிக் கொடுத்தார். அதன்பின் சிவசங்கரி அம்மாவைப் போனில் கூப்பிட்டு நடந்ததை எல்லாம் சொன்னாள். ஆவணி ஐந்தாம் தேதிக் கதையையும்தான். அம்மா சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அவர் இப்படிச் சிரித்ததே இல்லை.

கொஞ்ச நேரத்தில் கடைத் திரை தானாகப் பூட்டிக்கொண்டது. அம்மா உள்ளே வந்துவிட்டார் என்று அர்த்தம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் வேலை செய்ய முடியும். அப்பா எழுந்து தள்ளி நின்றார்.

பிரிண்டர் முனகியது. ஒரு தாள் வெளியே வந்தது. அப்பா எடுத்து வாசித்தார்.

'அனுப்புநர்: சந்திரகலா, கட்டில், முதலியார்பேட்டை. பெறுநர்: உயர்திரு காசிலிங்கம், கோரிமேடு. பொருள்: பிள்ளையாரை இடது மூலைக்கு மாற்றக் கோருதல். ஐயா, தேதி மறைவதால் தங்களைக் கண்காணிக்க முடியவில்லை. ஆவன செய்ய வேண்டுகிறேன்.'

அப்பா அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு பிள்ளையாரை ஓரம் கிழியாமல் எடுத்து, இடது மூலையில் ஒட்டினார்.

அன்று பகல் முழுவதும் வந்தவர்கள் சிவசங்கரி கொடுத்த கடைப் போனில் அம்மாவிடம் கதை சொன்னார்கள். பத்து நிமிடத்தில் கடிதம் வந்து விழுந்தது. பஸ் ஏற வந்த பச்சையம்மாள் உள்ளே எட்டிப் பார்த்து, கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அப்பாவின் போன் அடித்தது. பாக்கியலட்சுமி. சிவசங்கரியின் கையில் இருந்த போனில் அம்மா தட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இல்லம்மா. நீ அந்தக் கடைக்கே போ. இங்க ஆள் இருக்கு" என்றார். "ஆமாம்மா. ஆடியிலயும் வேணாம், ஆவணியிலயும் வேணாம்."

கையில் இருந்த போனில் தட்டச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகக் கேட்டது.