ஃபோனை வச்சிடுங்க, ஆன்ட்டி!

ரூபேந்திரனுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. மேகி மீ நூடுல்ஸ் வேகும்வரை காத்திருக்க முடியாமல், பாதி வெந்ததையே ஊதி ஊதித் தின்கிற ஆள் அவன். அவனைப் போய்க் கணினிக்கு முன்னால் உட்கார வைத்தார்களே, லோஷினியும் பிரவீனாவும், அவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

அன்று சனிக்கிழமை. கூலாய் பொது மண்டபத்தில் சிறுவர்களுக்கான ஹேக்கிங் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஹேக்கிங் என்றதும் திருட்டு வேலை என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டைப் பூட்டியபின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்போமே, அப்படி இணையதளங்களின் பூட்டை இழுத்துப் பார்க்கக் கற்றுத்தரும் போட்டி அது.

இதற்கென்றே சில பொய்த் தளங்களைச் செய்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ரகசியச் சொல் ஒளிந்திருக்கும். அதற்குப் பெயர் கொடி. கொடியைக் கண்டுபிடித்தால் புள்ளி. ஓர் அணிக்கு மூன்று பேர்.

நம் மூவரும் ஆறாம் ஆண்டு மாணவர்கள். அணியின் பெயர் செம்பனைப் புலிகள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால், புலிகள்தான் முதலிடம்! காஹாங்கிலிருந்து வந்த கில்லாடிகள் அணி பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்தது. முதலிடம் பெறும் அணி கோலாலம்பூரில் நடக்கும் இறுதிப் போட்டிக்குப் போகலாம். தங்குவதற்கு நீச்சல் குளம் உள்ள ஹோட்டல். பிரவீனா இரண்டு வாரமாக அந்தக் குளத்தைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

அடுத்த கேள்வி ஒரு பலகாரக் கடைத் தளம். அதன் முகவரி தாளில் அச்சடித்திருந்தது. நீளமான முகவரி.

"இவ்ளோ நீட்டா யாரு அடிக்கிறது?" என்றான் ரூபேந்திரன். முகவரியை அடிக்காமல், 'பலகாரக் கடை, ஜொகூர்' என்று தேடி, முதலில் வந்ததைத் தட்டினான். முறுக்குப் படம் போட்ட பக்கம் ஒன்று திறந்தது. முதலாளிக்கான கதவு கீழே இருந்தது. கடவுச்சொல் கேட்டது. ஒன்று முதல் ஆறுவரை வரிசையாக அடித்தான்.

கதவு திறந்துகொண்டது.

"அலமாக்! இவ்ளோ ஈசியா?" என்று நாற்காலியிலேயே குதித்தான். "கொடிய தேடுங்க, சீக்கிரம்!"

உள்ளே தீபாவளிக்கு வந்த ஆர்டர்கள் வரிசையாக இருந்தன. பெயர், வீட்டு முகவரி, ஃபோன் நம்பர் எல்லாம் இருந்தன. பிரவீனா வாய்விட்டுப் படித்தாள். "அதிரசம் அம்பது. ஊரு, கோத்தா திங்கி. நாய் கடிக்கும், வாசல் கேட்டுக்கிட்டயே வச்சிட்டு போங்க." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இத கேளேன். மாமியாருக்கு பல்லு இல்ல, முறுக்க கொஞ்சம் மெதுவா சுடுங்க."

லோஷினி சிரிக்கவில்லை. "ஒரு நிமிஷம். விளையாட்டுக்கு செஞ்ச கடையில யாரு மாமியார் பல்ல பத்தி எழுதுவா?"

மூவரும் தாளைப் பார்த்தார்கள். திரையைப் பார்த்தார்கள். கடையின் பெயரே வேறு.

"இது நெஜக் கடை" என்றாள் லோஷினி.

மண்டபத்துச் சுவரில் பெரிய சிவப்பு எழுத்தில் முதல் விதி ஒட்டியிருந்தது. விளையாட்டுத் தளங்களைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. தொட்டால் அணி நீக்கப்படலாம்.

ரூபேந்திரன் படாரென்று பக்கத்தை மூடினான். "முடிஞ்சிபோச்சி. யாரும் பாக்கல. வாங்க, சரியான முகவரிய அடிப்போம்."

"அந்தக் கடைக் கதவு இன்னும் தொறந்துதானே இருக்கு?" என்றாள் லோஷினி. "நமக்கே தொறந்துச்சி. திருடனுக்குத் தொறக்காதா? அத்தன பேரு வீடும் நம்பரும் உள்ள கெடக்கு."

"சொன்னா நம்மள தூக்கிடுவாங்க, லோ!"

"தெரியும்."

பிரவீனா மனதுக்குள் நீச்சல் குளத்துக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. பிறகு பெருமூச்சு விட்டு எழுந்தாள். "வாங்க, போலாம். எனக்கு அந்தப் பல்லு இல்லாத பாட்டிய நெனச்சா பாவமா இருக்கு. யாராச்சும் ஏமாத்திட்டா?"

போட்டியை நடத்தியவர் ஷாந்தினி அக்கா. சிங்கப்பூரில் கணினிப் பாதுகாப்பு வேலை செய்பவர். மூவரும் போய் நின்றார்கள். ரூபேந்திரன்தான் முதலில் வாயைத் திறந்தான். "நான்தான்க்கா தப்பா தொறந்துட்டேன்" என்றான். அவன் காதெல்லாம் சிவந்திருந்தது.

அக்கா முழுவதையும் கேட்டார். "எதையாச்சும் மாத்துனீங்களா? படம் எடுத்தீங்களா?"

"இல்லக்கா. மூடிட்டோம்."

"சரி. நீங்களே வந்து சொன்னதால நீக்க மாட்டேன். ஆனா விதி விதிதான். இருபது புள்ளி போகும்."

மூவரும் தலையாட்டினார்கள். அக்கா அந்தக் கடையின் முதல் பக்கத்தில் இருந்த எண்ணுக்குத் தம் ஃபோனில் அடித்தார். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"வணக்கம் ஆன்ட்டி. நான் சைபர் பாதுகாப்பு துறையில இருக்கேன். உங்க கடை வெப்சைட்டோட பாஸ்வர்ட் ஆபத்தா இருக்கு. ஃபோன வைக்காதீங்க, நான் சொல்றத..."

"போன வாரம் போலீஸ்னு சொன்னீங்க. முந்தா நாள் பார்சல்னு சொன்னீங்க. இன்னிக்கு சைபரா?" என்றது ஒரு கணீர்க் குரல். "இந்த யோகேஸ்வரிகிட்ட உங்க ஸ்கேம் வேல நடக்காது லா! சட்டியில எண்ண காயுது, வேற ஆள பாரு!"

டக்கென்று வைத்துவிட்டார்.

அக்கா மறுபடியும் அடித்தார். மணி போகவே இல்லை. ஆன்ட்டி அந்த எண்ணையே தடுத்துவிட்டார். அக்காவிடம் இன்னொரு ஃபோன் இருந்தது. அது சிங்கப்பூர் நம்பர். அதிலிருந்து அடித்தார்.

"வெளிநாட்டு நம்பரா? இன்னும் மோசம்!" என்று அதையும் வைத்துவிட்டார் யோகேஸ்வரி ஆன்ட்டி.

ஷாந்தினி அக்கா இரண்டு ஃபோன்களையும் மாறி மாறிப் பார்த்தார். பெரிய பெரிய நிறுவனங்களையே காப்பாற்றியவர், ஒரு முறுக்கு ஆன்ட்டியிடம் தோற்றுப்போனார்.

"நாம வெளையாட போலாமா?" என்று ரூபேந்திரன் மெல்லக் கேட்டான். புள்ளிப் பலகையில் கில்லாடிகள் முந்திவிட்டிருந்தார்கள்.

லோஷினி நகரவில்லை. யோசித்தாள். அவள் அம்மாவுக்கும் இப்படி ஏமாற்று அழைப்புகள் வரும். "வைக்காதீங்க, லைன்லயே இருங்க" என்று கெஞ்சுவார்கள். பாவம், ஷாந்தினி அக்காவும் அதையேதான் சொன்னார். ஏமாற்றுகிறவன் ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொன்னால்?

"அக்கா, என் ஃபோன்ல நான் பேசிப் பாக்கட்டுமா?"

அக்கா சரியென்றார்.

"ஹலோ, யாரு?" கணீர்க் குரல் இப்போது கடுகடுவென்றிருந்தது.

"ஆன்ட்டி, ஃபோன வச்சிடுங்க."

அந்தப் பக்கம் எண்ணெயில் முறுக்கு சொய்யென்று பொரிவது மட்டும் கேட்டது.

"என்னாது?"

"ஃபோன வச்சிடுங்க ஆன்ட்டி. என்னை நம்பாதீங்க. பாஸ்வர்ட என்கிட்ட சொல்லாதீங்க. நான் எது அனுப்புனாலும் தொடாதீங்க. உங்களுக்கு வெப்சைட் செஞ்சி குடுத்தவங்களுக்கு நீங்களே ஃபோன் அடிச்சி, பாஸ்வர்ட மாத்துனு சொல்லுங்க. அவ்ளோதான்."

"ஏம்மா, நீ யாரு?"

"சொன்னா நம்ப மாட்டீங்க ஆன்ட்டி. அடுப்ப பாருங்க, முறுக்கு கருகிடும்."

சொல்லிவிட்டு லோஷினியே முதலில் வைத்துவிட்டாள். ஷாந்தினி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஆனால் ஆன்ட்டி கேட்பாரா மாட்டாரா என்று யாருக்கும் தெரியாது. மறுபடி அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கவும் கூடாது. அதுவும் தப்புதான். மூவரும் இருக்கைக்கு ஓடினார்கள். இந்த முறை ரூபேந்திரன் அந்த நீள முகவரியை ஒவ்வோர் எழுத்தாக, உதட்டை அசைத்துப் படித்துப் படித்து அடித்தான். கொடியும் கிடைத்தது. ஆனால் அடுத்ததைத் தொடுவதற்குள் போட்டி முடியும் மணி அடித்துவிட்டது.

புலிகளுக்கு மூன்றாம் இடம். கில்லாடிகளுக்குக் கோலாலம்பூர். பிரவீனா கைதட்டினாள், கொஞ்சம் மூக்கையும் உறிஞ்சினாள். மூன்றாம் பரிசு ஆளுக்கு ஒரு டி-ஷர்ட். ரூபேந்திரனுக்குக் கிடைத்தது முழங்கால்வரை தொங்கியது.

"இதுலயே நீந்தலாம் போல" என்றான் அவன். பிரவீனா சிரித்துவிட்டாள்.

அவர்கள் மேடையைவிட்டு இறங்கும்போது லோஷினியின் ஃபோன் அடித்தது. அவள் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"ஏம்மா, ஃபோன வைக்கச் சொன்ன பிள்ள நீதானே?" கணீர்க் குரல் இப்போது குழைந்திருந்தது. "இத்தன வருஷத்துல எந்த ஸ்கேம் பண்றவனும் என்னை ஃபோன வைனு சொன்னதில்ல. அதான் வெப்சைட் செஞ்சி குடுத்த மகனுக்கு அடிச்சேன். அவன் பதறிட்டான். உடனே மாத்தியாச்சி."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லோஷினிக்கு அப்போதுதான் மூச்சே சரியாக வந்தது. மூன்றாம் இடம் அவளுக்கு மறந்தே போயிற்று.

"ரொம்ப சந்தோஷம் ஆன்ட்டி!"

"ஒன்னு ரெண்டு மூணுலாம் இல்ல இப்ப. நானே யோசிச்சி வச்சேன். எவனாலும் கண்டுபிடிக்க முடியாது." ஆன்ட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. "கேளு, சொல்றேன். மொதல்ல பெரிய எழுத்துல..."

"ஐயோ, சொல்லாதீங்க ஆன்ட்டி!" என்று மூன்று பேரும் சேர்ந்து கத்தியதில் மண்டபமே திரும்பிப் பார்த்தது.