நகல் பெறத் தகுதியானவர்

மிதவை நகரின் காற்றையும் குடிநீரையும் கவனித்துக்கொண்டது மென்பொருள்தான். அதில் யார் ‘பேட்ச்’ எனப்படும் ஒட்டுத்திருத்தம் எழுதினாலும், மின்னஞ்சலில் அதன் நகலை யார் யாருக்கு அனுப்புவது என்று நகல்தேர்வி என்னும் பொறி தீர்மானித்தது. யாருடைய பதிலால் அந்தத் திருத்தம் மாறக்கூடுமோ, அவருக்கு மட்டுமே நகல். பழைய பதில்களைப் படித்தே அது ஆட்களை எடைபோட்டது; பதவி அதன் கண்ணில் படுவதில்லை. பிழைகள் குறைந்தன. ஊழியர்கள் நேரத்தோடு வீடு திரும்பினார்கள்.

தலைமைப் பொறியாளர் ராயப்பனுக்கு மட்டும் மனத்தாங்கல். எல்லாவற்றுக்கும் ‘பார்த்தேன், நன்று’ என்றே பதில் எழுதி வந்த அவருக்கு ஓராண்டாக ஒரு நகலும் வரவில்லை.

ஒரு நாள் அவர் மரியசெல்வியின் மேசைக்கு வந்தார். புதிதாகச் சேர்ந்திருந்த அவள் பதறி எழுந்தாள்.

“உட்காரும்மா. இனி எல்லா பேட்ச்லயும் என் பேரு கண்டிப்பா வரணும். நகல்தேர்விக்கு ஒரு திருத்தம் எழுது.”

“சார், அது வந்து...”

“உன் வேலை நிரந்தரமாக நான்தான் கையெழுத்துப் போடணும். தெரியும்லா?”

அவர் போனதும் பக்கத்து மேசை பேச்சிமுத்து எட்டிப் பார்த்தான். “எழுதிரு பிள்ள. நான் ‘கூடாது’ன்னு பதில் போட்டுருதேன்.”

“நெசமாவா?”

“சத்தியமா மாட்டேன். எனக்கும் வீட்டுல ரெண்டு பிள்ளைங்க இருக்கு.”

மரியசெல்வி எழுதினாள். விதிப்படி சோதனை ஓட்டத்தின் முடிவையும் இணைத்தாள். அந்த முடிவு அவளைக் கலங்கடித்தது. ஆனால் வாய்விட்டுச் சொல்லத் துணிவில்லை. சுவாசக்காற்றா, வேலையா என்று மனம் அடித்துக்கொள்ள, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். மறுத்துப் பேச யாரையாவது பொறி கண்டுபிடிக்காதா என்று திரையையே பார்த்திருந்தாள்.

ஒரே ஒரு பெயர் வந்தது. ராயப்பன். அவர் பெயர் உள்ள திருத்தத்தில் கைவைக்க வேறு யாரும் துணியமாட்டார்கள் என்று பொறி கணித்திருந்தது.

பிற்பகலில் அவர் அழைத்தார். “இதென்னம்மா, சோதனையில எல்லா பேட்ச்சும் எனக்கு மட்டும் வருது? மத்தவங்க பேரெல்லாம் எங்க?”

“மன்னிக்கணும் சார். உங்க பேரைப் பாத்தா யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க. பேசாதவங்களுக்கு அது நகல் அனுப்பாது.”

“அப்போ காத்துப் பொறியில தப்பு வந்தா?”

“நீங்க ஒருத்தர்தான் கண்டுபிடிக்கணும் சார்.”

ராயப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மோசமான பொறியாளர் அல்லர். படிக்கும் பழக்கம்தான் விட்டுப்போயிருந்தது. அன்று அவள் எழுதிய திருத்தத்தை வரிவரியாகப் படித்தார். ‘நிராகரிக்கிறேன்’ என்று தொடங்கி, இரண்டு பக்கத்துக்குக் காரணம் எழுதினார். கேட்காமலேயே அவளுடைய பணி உறுதிக்கும் கையெழுத்திட்டார்.

அந்தப் பதிலை நகல்தேர்வியும் படித்தது. தன் விருப்பத்தையே மறுக்கத் தெரிந்த ஒரு மனிதரை அது அதுவரை கண்டதில்லை.

மறுநாள் உணவு வேளைக்குள் ராயப்பன் மூச்சு வாங்க அவள் மேசைக்கு வந்துவிட்டார். “ஏ தாயி, காலையில இருந்து பேட்ச்சா வந்து குவியுது! ஒவ்வொண்ணையும் படிச்சில்லா பதில் போட வேண்டியிருக்கு. என் பேரை எடுக்கதுக்கு ஒரு திருத்தம் எழுதேன்.”

“உடனே எழுதுறேன் சார்,” என்றாள் மரியசெல்வி மிகுந்த பணிவோடு. “ஆனா அதோட நகலும் உங்களுக்குத்தான் வரும். படிச்சுப் பாத்துட்டு நீங்களே வேண்டாம்னுருவீங்க.”