கால் சோதனை

விடிந்ததும் விடியாததுமாக நிவினின் முட்டை வண்டி நொண்டிக்கொண்டே வந்து பட்டறை வாசலில் நின்றது. சங்ககிரி மேட்டில் ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்ததாம். மெக்கானிக் தன்ஷிகா, கோளாறைப் படித்துச் சொல்லும் பிழைமானியைச் செருகினாள். அவள் நினைத்த அதே எண்தான்: பி 2138. பெடலுக்குள் இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. கால் எவ்வளவு மிதிக்கிறது என்று இரண்டும் ஒத்துச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு சாட்சிகளும் மாற்றிப் பேசினால் வண்டி யாரையும் நம்பாது. எஞ்சினுக்குக் காற்று விடும் த்ராட்டில் தகட்டை, பட்டறைப் பேச்சில் காற்றிதழை, கால்வாசிக்கு மேல் திறக்க விடாது.

"நீங்க போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க தம்பி," என்று நிவினை அனுப்பிவிட்டு, அவளே ஏறி மிதித்தாள். காற்றிதழ் முழுதாகத் திறந்தது. சாட்சிகள் இரண்டும் உத்தமர்கள். அவளுக்கு ஓடுகிற வண்டி அவனுக்கு ஓடவில்லை என்றால் அதற்கு ஒரே பொருள்தான். சென்சாரைக் கழற்றித் துடைத்து அதையே திரும்ப மாட்டினாள்.

"பெடல் சென்சாருங்க," என்றாள் நிவின் திரும்பி வந்ததும். "புதுசு போட்டிருக்கேன். பழகற வரைக்கும் மெதுவாத்தான் போகும்."

"சரியாயிடுங்களா அக்கா?"

"ஆயிடுங்க."

வண்டிகள் தாமாகவே ஓடக் கற்றுக்கொண்டு ஒரு தலைமுறை ஆகிவிட்டது. இன்னமும் சொந்தக் காலால் ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு நெருங்கிய உறவில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். பிணையாளுக்குப் பயம் வந்தால் வண்டியிடம் தனியாக ஒரு சொல் சொல்லலாம்: இவரை அடக்கி வை. பிறகு அந்த ஒருவர் கால் மிதித்தால் மட்டும் வண்டி அடங்கிப் போகும். அதை முன்பெல்லாம் வண்டி வெளிப்படையாக அறிவித்தது. அண்ணன் தம்பிகள் அரிவாளைத் தூக்கினார்கள், கல்யாணங்கள் முறிந்தன. பிறகுதான் சட்டத்தைத் திருத்தி, பிணையாளின் சொல்லுக்குப் பிழைக்குறி வேஷம் போட்டார்கள். உண்மையைச் சொல்வதில்லை என்று மெக்கானிக்குகள் சத்தியம் செய்துகொடுத்தால்தான் பட்டறை உரிமம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற இந்த வேலையைத் தன்ஷிகா மனச்சாட்சி உறுத்தாமல் செய்துவந்தாள். நாலு குடும்பம் குலையாமல் காப்பாற்றுகிறோம் என்று உள்ளூரப் பெருமைகூட உண்டு.

மத்தியானம், கவிழ்ந்த லாரிகளைத் தூக்கி இழுக்கும் தன் சொந்த மீட்பு வண்டியை வெளியே எடுத்தாள். உடைத்துப் போட்ட லாரிகளிலிருந்து எலும்பு எலும்பாகப் பொறுக்கி அவளே கட்டிய வண்டி. மறுநாள் தொப்பூர் கணவாயில் ஓட்டிக் காட்ட வேண்டும். தேறினால் கணவாயின் மீட்பு ஓட்டுநர் வேலை அவளுக்கு. ஐம்பது வயதில் இன்னொரு தடவை கூப்பிட மாட்டார்கள். பட்டறை முனை தாண்டுவதற்குள் வண்டி முக்கி முனகியது. பிழைமானியில் பி 2138.

ஊரார் வண்டிக்கெல்லாம் முதலில் செய்கிற, வேறொருவர் மிதித்துப் பார்க்கும் கால் சோதனையைத் தன் வண்டிக்குச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. எலி கடித்திருக்கும் என்று ஒயர்களைத் தடவிப் பார்த்தாள். எர்த் போல்ட்டைச் சுரண்டினாள். கனெக்டரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினாள். எங்கேயாவது ஒரு ஒயர் அறுந்திருக்கக் கூடாதா என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது.

அவள் கணவன் கவின் காப்பி கொண்டுவந்தான்.

"மாமா, ஏறி ஒரு மிதி மிதிங்க."

அவன் ஏறி மிதித்தான். எஞ்சின் பட்டறைத் தகரம் அதிர உறுமியது. திடுக்கிட்டுக் காலை எடுத்துவிட்டான். அவன் முகத்தில் சந்தோஷமில்லை, பதற்றம்தான் இருந்தது. அவள் ஏறி மிதித்தாள். காற்றிதழ் கால்வாசியில் நின்றது. அவளுக்குப் பிணையாள் ஒரே ஒருவன்தான். காப்பியோடு எதிரே நின்றுகொண்டிருந்தான்.

"உனக்கு மட்டும் மக்கர் பண்ணுது பாரு," என்று சிரிக்கப் பார்த்தான். "நாளைக்குப் போக வேண்டாம்னு வண்டியே சொல்லுது அம்மிணி. விட்ரு."

வண்டி சொல்கிறதாம். இந்த வண்டிக்கு ஒவ்வொரு போல்ட்டாகத் தேடியபோது டார்ச் அடித்துக்கொண்டு கூடவே நின்ற மனிதன்! போகாதே என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அழுதிருப்பாள். ஒருவேளை போகாமலே இருந்திருப்பாள். கூட இருந்தே குழி பறித்துவிட்டான்.

"என்னதான் கோளாறாம்?" என்றான்.

பெடல் சென்சாருங்க என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. எத்தனை பேரிடம் சொன்ன வாய்! அவர்கள் எல்லாரும் அதை நம்பி, நன்றி சொல்லிவிட்டு, யார் தங்களை அடக்கினார்களோ அவர்கள் வீட்டுக்கே திரும்பிப் போனார்கள். அவள் பதில் சொல்லாமல் போனை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"நிவின் தம்பிங்களா? பட்டறையிலிருந்து பேசறேன். காலைல நான் பொய் சொன்னனுங்க. உங்க வண்டியில ஒரு கோளாறும் இல்லை. உங்களுக்குப் பிணை நிக்கறது யாருங்க?"



"எங்க அக்காதானுங்க... ஏனுங்க?"

"அவங்களையே கேளுங்க தம்பி."

கவின் டம்ளரைக் கீழே வைத்தான். "உரிமம் போயிரும் தன்ஷி. உனக்கென்ன பைத்தியமா?"

"போகட்டும்."

"அந்தக் கணவாயில எத்தனை வண்டி கவுந்திருக்கு! பயமா இருந்துச்சு. வேற என்ன பண்றது நானு?"

"பயமா இருக்குன்னு என்கிட்டச் சொல்லியிருக்கலாமே மாமா," என்றாள் தன்ஷிகா. "வண்டிகிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

அவள் பிழைமானியைப் பிடுங்கி, இனித் தேவைப்படாத அதன் ஒயரைச் சுற்றத் தொடங்கினாள்.